கடலடி வேட்டையும் மனக்கணக்கும்

கண்ணுக்குப் புலனாகாத ஒரு கப்பல், தன் வேகத்தையும் போக்கையும் தூரத்தையும் ஒருங்கே மறைத்துக்கொண்டு, தான் எழுப்பும் ஒலி வந்து சேரும் திசை ஒன்றை மட்டுமே நமக்கு விட்டுவைக்குமானால், அந்த ஒற்றைத் தகவலைக் கொண்டு மற்ற மூன்றையும் மனிதன் தன் புத்தியினால் எவ்வளவு தூரம் அறிய இயலும், அறிந்ததை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பிரச்சினை. நீர்மூழ்கிக் கப்பலின் கட்டளை அறையில் பிறந்த இப்பிரச்சினைக்கு இன்று கணிப்பொறிகள் விடை தருகின்றன. ஆயினும் பென்சிலும் நிறுத்துகடிகாரமும் மட்டுமே துணையாயிருந்த காலத்தில் மாலுமிகள் கண்டெடுத்த குறுக்குவழிகளை ஊன்றிப் பார்க்கும்போது, அவை வெறும் அவசரக் கணக்குகள் அல்ல, எதை அறியலாம், எதை அறியலாகாது என்று வகுத்துக் காட்டும் ஒரு சாஸ்திரமே என்பது என் துணிபு.

மேற்கே மலைத்தொடரும் கிழக்கே கரிசல் வெளியுமாய், கடலின் ஓசையே எட்டாத இராஜபாளையம், ஶ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் இருந்துகொண்டு இப்பொருளைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று யாரும் ஐயுற வேண்டுவதில்லை. இங்கிருந்து தெற்கே, திருநெல்வேலிச் சீமையின் விஜயநாராயணத்தில், 1990ஆம் ஆண்டு அன்றைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அவர்கள் தொடங்கிவைத்த ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்னும் கடற்படை நிலையம், மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட வானொலி அலைகளைக் கடல்நீருக்குள் ஊடுருவச் செய்து, மூழ்கியிருக்கும் நம் கப்பல்களோடு நாள்தோறும் பேசிக்கொண்டிருக்கிறது. அதுவன்றி, இக்கணிதத்தின் அடிப்படைகளைச் சோதித்துப் பார்க்க ஶ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைவிட வசதியான கருவி எனக்குத் தெரியவில்லை.

பதினொரு நிலைகளுடன் சுமார் 192 அடி உயர்ந்து நிற்கும் அந்தக் கோபுரத்தின் உயரம் கெஜக் கணக்கில் 64 ஆகிறது. நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலம் ஏறக்குறைய ஒரு பாகைக் கோணத்தை மறைக்கும் என்பது பழகியவர் அறிந்த செய்தி. எங்கோ ஒரு வயல் வரப்பில் நின்று, குறுக்காகப் பிடித்த சுண்டுவிரலுக்குள் கோபுரம் முழுவதும் அடங்குவதைக் கண்டவன், உயரத்தை அறுபதால் பெருக்கி, தனக்கும் கோபுரத்துக்கும் உள்ள தூரம் 3,840 கெஜம் என்று அக்கணமே சொல்லிவிடலாம். ஒரு பாகைக் கோணத்தின் எதிரே உள்ள நீளம் தூரத்தில் அறுபதில் ஒரு பங்கு என்னும் இந்த விதியே கடலோடிகளின் மனக்கணக்கிற்கு அஸ்திவாரம். உண்மையில் அந்த எண் அறுபது அன்று, ஐம்பத்தேழும் சொச்சமும். ஆகையால் விதி தரும் தூரம் உண்மைத் தூரத்தைவிட எப்போதும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். கூடுதல் நூற்றுக்கு ஐந்துக்கு உட்பட்டது. எண்சுவடி படித்த நம் முன்னோர் இருபதில் ஒரு பங்கை ‘மா’ என்று வழங்கினர். விடையில் ஒரு மாவைத் தள்ளுக என்று விதியோடு ஒரு வால் சேர்த்துவிட்டால், 3,840இல் 192 போக 3,648 கெஜம் கிடைக்கும். முறையான திரிகோண கணிதம் சொல்லும் விடை 3,667. இவ்வளவு நெருக்கத்தைப் பென்சில்கூடத் தொடாமல் பெறுகிறோம்.

பெரிஸ்கோப்பின் வழியே எதிரிக் கப்பலின் பாய்மரக்கம்பத்தைப் பார்த்து, அதன் உச்சிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள கோணத்தை அளந்து தூரம் கணிக்கும் தளபதி செய்வதும் இதுவே. ஆனால் இங்கே பிழையின் அளவைக் காட்டிலும் பிழையின் திசை முக்கியமாகிறது. வால் சேர்க்காத விதி, பாய்ந்து வரும் நாசகாரிக் கப்பலை அது இருக்கும் இடத்துக்கும் அப்பாலே காட்டும். அதாவது ஆபத்தைத் தூரப்படுத்திக் காட்டும். எந்தப் பக்கம் பிழைக்கிறது என்று தெரியாத குறுக்குவழி, எவ்வளவு எளிதாயினும் கடலில் ஆகாது என்பதை இந்த ஓர் உதாரணமே நிலைநாட்டுகிறது. கம்பத்தின் உயரத்தை நூற்றுக்குப் பத்து தவறாக ஊகித்தால் தூரமும் நூற்றுக்குப் பத்து தவறும். அதற்குக் கணிதத்தில் பரிகாரம் இல்லை.

தூரத்துக்கு அடுத்தது வேகம். ஒரு கடல் மைல் 2,025 கெஜம். அதை 2,000 என்று கொண்டால், ஒரு நாட் வேகத்தில் செல்லும் கப்பல் மூன்று நிமிஷத்தில் நூறு கெஜம் நகரும். ஆகவே மூன்று நிமிஷ இடைவெளியில் வரைபடத்தில் குறித்த இரு புள்ளிகளுக்கிடையே 1,200 கெஜம் இருந்தால் வேகம் 12 நாட் என்று, இரு பூஜ்யங்களைத் தள்ளியவுடன் விடை வந்துவிடுகிறது. இதில் பிழை நூற்றுக்கு ஒன்றேகால். பிரிட்டிஷ் கடற்படையில் 1917ஆம் ஆண்டு தொடங்கி இன்றளவும் நீர்மூழ்கித் தளபதிகளைத் தேர்ந்தெடுக்கும் ‘பெரிஷர்’ என்னும் கடும் பயிற்சியில், மாணவன் பெரிஸ்கோப்பைத் தாழ்த்திய பிறகு, தன்னை நோக்கி வரும் பிரிகேட் கப்பல்களின் தூரங்களை மனத்திலேயே குறைத்துக்கொண்டு, எந்த விநாடியில் ஆழத்துக்குப் போக வேண்டும் என்பதை நிறுத்துகடிகாரத்தின் துணையோடு தானே தீர்மானிக்க வேண்டும். 30 நாட் வேகக் கப்பல் நிமிஷத்துக்கு ஆயிரம் கெஜம் வரும் என்பதை அவன் உறக்கத்திலும் மறக்கலாகாது. 5,000 கெஜத்தில் கண்ட கப்பல் 1,000 கெஜத்துக்குள் வருமுன் ஆழத்துக்குப் போக வேண்டுமென்றால், அவன் கையில் இருப்பவை நான்கு நிமிஷங்கள்.

டார்பிடோவை எவ்வளவு முன்தள்ளிக் குறிவைப்பது என்பதும் அறுபது விதியிலேயே அடங்கும். டார்பிடோ 30 நாட், இலக்கு குறுக்கே 10 நாட் என்றால் விகிதம் மூன்றிலொன்று. அறுபதில் மூன்றிலொன்று 20 பாகை. சரியான விடை பத்தொன்பதரை. இலக்கு நேர் குறுக்காகச் செல்லாமல் சாய்வாகச் செல்லும்போது அதன் அணியம் நம் பார்வைக் கோட்டோடு செய்யும் கோணத்தின் சைன் மதிப்பு வேண்டும். முப்பது பாகைக்கு அரை, நாற்பத்தைந்துக்குப் பத்தில் ஏழு, அறுபதுக்கு எட்டில் ஏழு என்று மூன்றை மனப்பாடம் செய்தால் போதும். இவ்வகை அணுகுமுறைக்கு நம் நாட்டில் ஏழாம் நூற்றாண்டிலேயே முதலாம் பாஸ்கரர் வழிகாட்டியிருக்கிறார். பட்டியலே இல்லாமல், கோணத்தையும் அதை 180இலிருந்து கழித்த மீதியையும் பெருக்கி, அந்தப் பெருக்கத்தொகையின் நான்கு மடங்கை, 40,500இல் அத்தொகையைக் கழித்து வந்ததால் வகுத்தால் சைன் மதிப்பு கிடைக்கும் என்றார். நாற்பத்தைந்து பாகைக்கு அவர் விதி பதினேழில் பன்னிரண்டு என்று தரும். உண்மை மதிப்போடு வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்றே மேல்.

இதுவரை கூறியவை கண்ணால் காணும் இலக்குக்கு உரியவை. நம் தர்க்க நூலார் வகுத்த பிரமாணங்களில் பிரத்யட்சம் நீங்கி, அனுமானம் ஒன்றே எஞ்சும் இடத்தில்தான் இந்தக் கலையின் மெய்யான கடினம் தொடங்குகிறது. ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கி, தன் சோனாரால் ஒலி எழுப்பினால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எழுப்பாமல் காது கொடுத்துக் கேட்டால் திசை கிடைக்கும், தூரம் கிடைக்காது. அருகே மெல்லச் செல்லும் கப்பலும் தொலைவில் விரைந்து செல்லும் கப்பலும் அதே திசைகளை, அதே வரிசையில், அதே நேரங்களில் காட்டக்கூடும். கேட்பவன் ஒரே நேர்கோட்டில் ஒரே வேகத்தில் சென்றுகொண்டிருக்கும் வரையில், ஒரு மணி நேரம் கேட்டாலும் ஒரு நாள் முழுவதும் கேட்டாலும் அந்த இரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்க அவனால் இயலாது. இது கருவியின் குறையன்று, க்ஷேத்திர கணிதத்தின் நியதி. நார்டோன், ஐடாலா என்னும் இரு ஆராய்ச்சியாளர் 1981இல் இதற்குரிய நிபந்தனைகளைத் திட்டவட்டமாக எழுதிவைத்தனர். மாலுமிகள் அதற்குப் பல்லாண்டுகள் முன்பே அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இராஜபாளையத்திலிருந்து ஶ்ரீவில்லிபுத்தூர் நோக்கி வரும் இரயிலில் அமர்ந்திருப்பவர் இதன் எளிய வடிவத்தைச் சோதிக்கலாம். கோபுரம் நகராதது; நகர்பவர் நாம். வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, பக்கவாட்டில் நேராகத் தெரியும் கோபுரம் நிமிஷத்துக்கு 20 பாகை பின்னோக்கி நகருமானால், அறுபதை இருபதால் வகுத்து, கோபுரம் 3 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது எனலாம். ஒரு மாவைத் தள்ளினால் 2.85. எவ்வித மாற்று எண்ணும் இடையில் வராமல் வேகத்தை நேரே பாகையால் வகுக்க முடிவதன் சூட்சுமம் யாதெனில், ஒரு மணிக்கு அறுபது நிமிஷம் என்பதும், ஒரு பாகைக்கு அறுபதில் ஒரு பங்கு என்பதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடுவதே. கிலோமீட்டருக்கு மெய்யானது கடல் மைலுக்கும் மெய். இத்துறையிலுள்ள குறுக்குவழிகள் அனைத்திலும் அழகானது இதுவே என்று நான் கருதுகிறேன்.

கோபுரம் நகராதது என்று முன்னமே அறிந்திருந்ததால் நமக்கு ஒரே பயணம் போதுமாயிற்று. இலக்கும் நகருமானால், கேட்பவன் தன் பயணத்தையே மாற்றியாக வேண்டும். அமெரிக்கக் கடற்படையில் லெப்டினன்டாக இருந்த ஜான் எகெலண்ட் 1958இல் வெளியிட்ட முறை இதனை ஒரே வகுத்தலாகச் சுருக்கியது. நம் கப்பல் வலப்புறமாக, பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே 6 நாட் வேகத்தில் செல்கையில், இலக்கின் திசை நிமிஷத்துக்கு ஒரு பாகை வலப்புறம் நகர்கிறது என்று கொள்வோம். பின்னர் நாம் திரும்பி இடப்புறமாக அதே 6 நாட் செல்கையில், திசை நிமிஷத்துக்கு மூன்று பாகை வலப்புறம் நகர்கிறது. நம் வேகத்தில் ஏற்பட்ட மாற்றம் 12 நாட். திசை நகர்வில் ஏற்பட்ட மாற்றம் இரண்டு பாகை. பன்னிரண்டை இரண்டால் வகுக்க, தூரம் ஆறு கடல் மைல். ஒரு மாவைத் தள்ளினால் 5.7. இலக்கின் குறுக்கு வேகம் 12 நாட் என்பதும் உடனே வெளிப்படும். ஏனெனில் பன்னிரண்டில் நம் ஆறு போக மீதி ஆறு ஒரு பாகையைத் தரும், நம் ஆறும் கூடிய பதினெட்டு மூன்று பாகையைத் தரும். இலக்கு இன்னதென்று ஒன்றுமே அறியாத நிலையிலும், நம் சொந்த அசைவை நாம் அறிவோம் என்ற ஒன்றைப் பற்றிக்கொண்டு அந்நியனின் தூரத்தை அளந்துவிடுகிறோம். இதற்கு ஐந்தாண்டுகள் முன்னே, 1953இல், ஃபிரெட் ஸ்பீஸ் என்பவர் நான்கு திசைகளைக் கொண்டு முழு விடையும் காணும் வரைமுறை ஒன்றை வகுத்திருந்தார். அது எகெலண்டின் முறையைவிட நிறைவானது, ஆனால் தலைக்குள் செய்யத்தக்கதன்று.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கையாண்ட ஓர் உபாயம் கணக்கையே தேவையற்றதாக்கியது. அடிவானத்தின் விளிம்பில் புகை தெரியும் அளவுக்கு எட்டி நின்று, நீர்ப்பரப்பின்மேல் ஓடியபடியே, இலக்கின் திசை சிறிதும் மாறாதிருக்கும்படி தம் போக்கையும் வேகத்தையும் சிறுகச் சிறுகத் திருத்துவார்கள். திசையும் தூரமும் நிலைத்துவிட்டால், தம் திசைகாட்டியும் வேகமானியும் காட்டுவதே இலக்கின் போக்கும் வேகமும். பொறுமையையே கணிதமாக மாற்றிய இம்முறை விரைவான மேல்நீர்க் கப்பலுக்கே உரியது.

இக்கணக்குகளின் பயன் யாது என்பதை இந்தியர் மறக்கவொண்ணாத வகையில் அரபிக் கடல் ஒருமுறை உணர்த்தியிருக்கிறது. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவு, தியூ கடற்கரைக்கு அப்பால், பாகிஸ்தானின் ஹாங்கோர் என்னும் நீர்மூழ்கி நம் ஐ.என்.எஸ். குக்ரியை டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. காப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு நீங்க மறுத்து அதனோடு ஆழ்ந்தார். 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிர் நீத்தனர். ஹாங்கோரின் தளபதி அஹ்மத் தஸ்னீம் பின்னாளில் கூறிய விவரணையின்படி, நம் கப்பல்கள் ஒரு நாற்கர வடிவில் திரும்பத் திரும்பத் தேடிவருவதை வரைபலகையில் குறித்துக் குறித்துக் கண்டுகொண்ட பின்னரே, அவை வரக்கூடிய வழியில் அவர் தம் கப்பலைக் கொண்டு நிறுத்த முடிந்தது. குக்ரியோடு சென்ற ஐ.என்.எஸ். கிர்பாண் என்னும் கப்பலை நோக்கி விட்ட முதல் டார்பிடோ வெடிக்கவில்லை; குக்ரியை நோக்கி விட்ட அடுத்தது தாக்கியது. சீரான அசைவு எதிரியின் அனுமானத்துக்கு உணவாகிறது. திசை கணிப்போர் அனைவரும் கொள்ளும் முதல் அனுமானமே, இலக்கு தன் போக்கை மாற்றாது என்பதுதான். போர்க்காலத்தில் வணிகக் கப்பல்களைக்கூட வளைந்து வளைந்து செல்லுமாறு பணித்ததன் காரணம் அந்த அனுமானத்தை உடைப்பதே.

இனி, நகரும் பொருளொன்றை நினைவாற்றலும் எளிய கூட்டலும் கொண்டு தொடர்ந்து பிடிக்கும் வித்தை தமிழ் மண்ணுக்கு அந்நியமானதா என்ற வினாவுக்கு வருகிறேன். சென்னை வானாய்வகத்தில் முன்னர்ப் பணியாற்றிய ஜான் வாரன் என்பவர், 1825இல் வெளியான தம் ‘கால சங்கலித’ நூலில், புதுச்சேரியில் தாம் கண்ட பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதுகிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களை எழுத்துகளாக மாற்றி மனனம் செய்த வாக்கியங்களையே பட்டியலாகக் கொண்டு, ஏடும் எழுத்தாணியும் இன்றி அவர் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். 1825 மே மாத இறுதியில் நிகழ்ந்த அக்கிரகணத்தின் தொடக்கத்தில் அவர் கணக்கு நான்கு நிமிஷமே பிழைத்தது. நடுவில் 23 நிமிஷமும் முடிவில் 52 நிமிஷமும் பிழைத்தது. கணித வரலாற்றறிஞர் ஆட்டோ நாய்கபவர் 1952இல் தமிழ் வானியலைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியில், இம்முறையின் அடியில் உள்ள 248 நாள், 3,031 நாள் என்னும் சந்திரச் சுற்றுகளைப் பண்டைய கிரேக்க, பாபிலோனிய மரபுகளோடு ஒப்பிட்டு, அதன் தொன்மையைக் காட்டினார். 248 நாளில் சந்திரன் தன் வேக மாறுபாட்டின் ஒன்பது சுற்றுகளை ஏறக்குறைய முழுமையாக முடிக்கிறான். ஆதலால் நாளுக்கு ஒரு வாக்கியமாக 248 வாக்கியங்களை நெட்டுருச் செய்தவனுக்குச் சந்திரனின் ஸ்தானம் எந்நாளும் கைவசம்.

சோழிக் கணிதர் தம் முறையின் தத்துவத்தை அறியாதவர் என்று வாரன் குறிப்பிட்டார். அதனைக் குறையாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டளை அறையில் மூன்று நிமிஷ விதியைப் பிரயோகிப்பவன் ஒவ்வொரு முறையும் அதன் நிரூபணத்தை நினைத்துக்கொண்டிருப்பதில்லை. வேறுபாடு எங்கே இருக்கிறதென்றால், தொடக்கத்தில் நான்கு நிமிஷமாய் இருந்த பிழை முடிவில் ஐம்பத்திரண்டாய் வளர்ந்ததுபோல் தன் கணக்கிலும் பிழை வளரக்கூடும் என்பதை மாலுமி தன் விதியோடு சேர்த்தே கற்கிறான். கணிதருக்கு வாக்கியம் கைக்கு வந்தது, பிழையின் கணக்கு வரவில்லை. மேலும், ஒரே திசையில் தெரியும் பொருளின் தூரத்தைக் காணக் கேட்பவன் இடம் மாற வேண்டும் என்ற கடற்படைத் தத்துவம் நம் ஜோதிட சித்தாந்தங்களில் லம்பனம் என்னும் பெயரால் முன்னரே உளது. பார்ப்பவன் பூமியின் நடுவில் இராது மேற்பரப்பில் இருப்பதால் சந்திரன் சிறிது விலகித் தோன்றும். அவ்விலகலின் அளவு அதன் தூரத்தைப் பொறுத்தது.

மரபு வழியாக வந்த மற்றொரு செல்வத்தையும் இங்கே நிறுத்துப் பார்க்க வேண்டும். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலம் இன்றிக் காண, நெடிய பக்கத்தில் எட்டில் ஒன்றைத் தள்ளி, குறும் பக்கத்தில் பாதியைக் கூட்டுக என்று போதையனார் பெயரால் தமிழ்நாட்டில் வழங்கும் ஒரு விதி உண்டு. கிழக்கே நான்கு மைலும் வடக்கே மூன்று மைலும் நகர்ந்த கப்பலுக்கு அது மூன்றரையும் ஒன்றரையும் கூட்டி ஐந்து என்று சரியாகவே சொல்லும். பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் பதின்மூன்று என்பதும் சரி. ஆனால் குறும் பக்கம் மிகச் சிறியதானால் விதி எட்டில் ஒரு பங்கு வரை குறைத்துவிடும். பெருமை பேசுவோர் இதைச் சொல்வதில்லை, ஏளனம் செய்வோர் இதை மட்டுமே சொல்வர். இரு சாராரும் விட்டுவிட்டது ஒன்று உண்டு. விதி தரும் விடையையும் நெடிய பக்கத்தையும் ஒப்பிட்டு, இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்க என்று ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தால், எந்த முக்கோணத்துக்கும் பிழை நூற்றுக்கு மூன்றைத் தாண்டாது. நான் பல விகிதங்களுக்குப் போட்டுப் பார்த்து இதனை உறுதிசெய்துகொண்டேன். அவ்வளவு நுட்பம் கட்டளை அறையின் வரைபலகைக்கு வேண்டியதற்கு மேலேயே ஆகும். இத்தகைய விதிகளைப் பள்ளிகளில் கற்பிப்பது நன்று என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் விதியையும் அதன் பிழை எல்லையையும் ஒன்றாகவே கற்பிக்க வேண்டும். எல்லை தெரியாத விதியைக் கற்பிப்பதைவிடக் கற்பிக்காமலே விடலாம்.

இன்றைய கப்பல்களில் கணிப்பொறி ஆயிரக்கணக்கான திசை அளவுகளை வடித்து, விநாடிக்கு விநாடி தூரத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும்போது, பென்சில் கணக்குக்கு இடமேது என்ற கேள்வி நியாயமானதே. மேலே எடுத்த உதாரணத்தையே கொண்டு விடை சொல்லலாம். திசை நகர்வின் மாற்றத்தில் அரைப் பாகைப் பிழை உண்டென்று கொண்டால், பன்னிரண்டை ஒன்றரையால் வகுக்க எட்டு, இரண்டரையால் வகுக்க நாலே முக்காலுக்குச் சற்று மேல். ஒரு மா தள்ளிவிட்டால், இலக்கு ஏறக்குறைய நாலரை மைலுக்கும் ஏழரை மைலுக்கும் இடையே எங்கோ இருக்கிறது. இவ்வளவே அந்தத் தகவலிலிருந்து நேர்மையாக அறியத்தக்கது. அச்சமயம் திரையில் 9.37 மைல் என்று இரண்டு தசம ஸ்தானங்களோடு ஓர் எண் ஒளிருமானால், கண்காணிப்புப் பணியிலுள்ள அதிகாரி அந்தத் தசமங்களின் அழகில் மயங்காமல், நாம் திரும்பிய அதே வேளையில் இலக்கும் தன் வேகத்தை மாற்றியதா, அல்லது திருப்பத்துக்கு முந்திய அளவுகளையும் பிந்தியவற்றையும் பொறி ஒரே பயணமாகக் கலந்துகொண்டதா என்று வினவுவார். அதைத் தெளிய அவருக்கு இருக்கும் வழி, இன்னொரு முறை போக்கை மாற்றி, சில நிமிஷங்கள் காத்திருந்து, திசை நகர்வை மூன்றாவது முறையாக அளந்து, மீண்டும் ஒருமுறை வகுத்துப் பார்ப்பதே.